ஏழு கோப்பை வாங்கிய பள்ளிக்கூடம் கடையைச் சாத்தியது ஏன்?



நமது இதழில் நான் எழுதுவதெல்லாம் பருப்பு வரத்து, கிடங்குப் பராமரிப்பு, கடன் வசூல் பற்றித்தான். இந்த மாதம் ஒரு பள்ளிக்கூடத்துப் பேஸ்பால் குழுவைப் பற்றி எழுதுகிறேன். அதுவும் ஜப்பான் நாட்டுப் பள்ளிக்கூடம். "அண்ணாச்சிக்கு என்ன ஆயிற்று?" என்று யாரும் நினைக்க வேண்டாம். கடைசி வரை பொறுமையாகப் படியுங்கள். கடையில் ஆள் நிற்கவில்லை என்று வருத்தப்படும் ஒவ்வொரு வியாபாரிக்கும் இதில் செய்தி இருக்கிறது.

என் இளைய மகன் ஒசாகா நகரில் வேலை பார்க்கிறான். ஓர் ஆகஸ்ட் மாதம் நானும் என் மனைவியும் அங்கே போயிருந்தோம். அங்கே ஆகஸ்ட் வெயில் நம்மூர் அக்கினி நட்சத்திரத்துக்குக் குறைந்ததில்லை. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் டி.வி.யில் ஒரே காட்சி. தலையை ஒட்ட வெட்டிய பள்ளிப் பையன்கள் வெயிலில் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் ஒரு கண்ணை டி.வி.யிலும் ஒரு கண்ணைத் தராசிலும் வைத்துக்கொண்டு வியாபாரம் செய்தார். "பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆட்டத்துக்கா இவ்வளவு கூட்டம்?" என்று மகனைக் கேட்டேன். பதில் சொல்லாமல் மறுநாள் மைதானத்துக்கே அழைத்துப் போய்விட்டான்.

கோஷியென் என்னும் களம்

ஒசாகாவுக்குப் பக்கத்தில் நிஷினோமியா ஊரில் இருக்கிறது கோஷியென் மைதானம். 1924-ல் கட்டியது. ஜப்பான் முழுவதும் உள்ள உயர்நிலைப் பள்ளிகளுக்கான பேஸ்பால் போட்டி 1915-லேயே தொடங்கிவிட்டது. இன்று சுமார் 3,400 அணிகள் அந்தந்த மாவட்டத்தில் மோதி, கடைசியில் 49 அணிகள் மட்டும் ஆகஸ்டில் கோஷியெனுக்கு வருகின்றன. தோற்றால் அன்றே மூட்டை கட்ட வேண்டியதுதான். இது தவிர வசந்த காலத்தில், மார்ச் மாதவாக்கில், அழைப்பு பெற்ற பள்ளிகளுக்குத் தனியாக இன்னொரு போட்டி உண்டு.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஒருவர் பந்து வீசுவார், ஒருவர் உருண்டைத் தடியால் அடிப்பார். அடித்தவர் நான்கு மூலையையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். பந்து வேலியைத் தாண்டிப் போனால் 'ஹோம் ரன்', நம் கிரிக்கெட்டில் சிக்சர் மாதிரி. மூன்று பேர் அவுட் ஆனால் எதிரணி அடிக்க வரும். இப்படி ஒன்பது சுற்று. அவ்வளவுதான்.

ஆட்டம் முடிந்ததும் வென்ற பள்ளியின் பாட்டை ஒலிபெருக்கியில் போடுகிறார்கள். தோற்ற பையன்கள் அழுதுகொண்டே மண்டியிட்டு, மைதானத்து மண்ணை அள்ளிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்வார்களாம். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் தொண்டை அடைத்தது.

அப்போதுதான் மகன் சொன்னான்: "அப்பா, இந்த மைதானத்தில் ஒரு காலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரைக் கேட்டாலே எதிரணிக்குக் கை நடுங்கும். இன்று அந்தப் பள்ளிக்கு பேஸ்பால் அணியே கிடையாது." வியாபாரி காதில் அது சும்மா விழுமா? நன்றாக ஓடிய கடை ஏன் மூடியது என்று கேட்காமல் இருக்க நம்மால் முடியாதே!

பி.எல். பெயர் எடுத்த விதம்

பள்ளியின் பெயர் பி.எல். காக்குவென். ஒசாகா மாவட்டத்தில் தொண்டபயாஷி என்ற ஊரில், 'பெர்ஃபெக்ட் லிபர்ட்டி' என்ற மத அமைப்பு 1955-ல் தொடங்கிய பள்ளி. பெயரில் உள்ள 'பி.எல்.' அந்த அமைப்பின் முதல் எழுத்துகள்தான். அடிக்கப் போகும் முன் இந்தப் பையன்கள் சட்டைக்குள் தொங்கும் தாயத்தை நெஞ்சோடு பிடித்து ஒரு கணம் கும்பிடுவார்கள். நாடே அறிந்த காட்சி அது.

1962 வசந்தப் போட்டியில் முதல் முறையாகக் கோஷியெனுக்கு வந்தார்கள். எடுத்தவுடன் கோப்பை கிடைக்கவில்லை. 1970 கோடைப் போட்டியில் இறுதி ஆட்டம் வரை வந்து தோற்றார்கள். 1976-லும் அதே கதி. முதல் கோப்பை 1978 கோடையில்தான் கிடைத்தது. அந்த வெற்றியைச் சொல்லியே ஆக வேண்டும். அரையிறுதியில் கடைசிச் சுற்றுக்கு வரும்போது 0-4 என்று பின்தங்கியிருந்தார்கள். அந்தச் சுற்றிலேயே நான்கு ஓட்டம் எடுத்துச் சமன் செய்து, 12-ஆவது சுற்றில் வென்றார்கள். மறுநாள் இறுதி ஆட்டத்திலும் கடைசிச் சுற்றில் 0-2. அங்கும் மூன்று ஓட்டம் எடுத்து 3-2 என்று கோப்பையைத் தூக்கினார்கள். கடைசி மூட்டை இறங்கும் வரை வியாபாரம் முடியவில்லை என்று நாம் சொல்வதில்லையா, அப்படி. 'தலைகீழாகத் திருப்பும் பி.எல்.' என்று பெயரே வந்துவிட்டது.

1980-ல் ஜுன்ஜி நாகமுரா என்பவர் பயிற்சியாளர் ஆனார். அதே பள்ளியில் படித்து அதே அணியில் ஆடியவர். 1998 வரை 18 ஆண்டுகள் இருந்தார். கோஷியெனில் அவர் காலத்தில் 58 வெற்றி, 10 தோல்வி. 1981, 1982, 1987 வசந்தக் கோப்பைகளும் 1983, 1985, 1987 கோடைக் கோப்பைகளும் அவர் காலத்தில் வந்தவை. 1978-ஐயும் சேர்த்தால் ஏழு. ஒரே ஆண்டில் வசந்தம், கோடை இரண்டையும் வென்ற பள்ளிகள் அதுவரை மூன்றுதான். 1987-ல் பி.எல். நான்காவது.

இது எப்படி நடந்தது? முதலில், பொறுக்கி எடுத்த சரக்கு. ஆண்டுக்கு இருபது பையன்கள் அளவில்தான் சேர்த்தார்கள். நாட்டின் மூலை முடுக்கிலிருந்து தேர்ந்தெடுத்தவர்கள். இரண்டாவது, அடிப்படை. பந்தைப் பிடிப்பது, எறிவது, கால் வைப்பது என்று ஆனா ஆவன்னாவை விடாமல் சொல்லிக்கொடுத்தார்கள். இதற்குப் பின்னாளில் வந்த பலனே சாட்சி. இங்கே படித்த ஷின்யா மியாமோட்டோ, பந்து தடுப்பதில் சிறந்தவருக்கான 'கோல்டன் க்ளவ்' விருதைத் தொழில்முறை ஆட்டத்தில் 10 முறை வாங்கினார். கசுயோஷி தத்சுனாமி அதே விருதை மூன்று வெவ்வேறு இடங்களில் நின்று வாங்கினார். எங்கே நிறுத்தினாலும் வேலை தெரிந்தவன் என்று அர்த்தம். மூன்றாவது, விடுதி வாழ்க்கை. அணியினர் அனைவரும் ஒரே விடுதியில் தங்கி, ஒரே சோறு தின்று, ராத்திரியிலும் தனியாகத் தடி சுழற்றிப் பழகினார்கள். இந்த விடுதியை நினைவில் வையுங்கள். பின்னால் வருகிறேன்.

இரண்டு பையன்கள்

1983-ல் முதலாம் ஆண்டு சேர்ந்தவர்கள் மசுமி குவாட்டா, கசுஹிரோ கியோஹரா. ஒருவன் பந்து வீசுபவன், இன்னொருவன் அடிப்பவன்.

குவாட்டா ஆள் சின்னவன். வளர்ந்த பிறகே 174 சென்டிமீட்டர்தான். இவன் பந்து வீச்சுக்கு ஆக மாட்டான் என்று வெளிக்களத்தில் தடுக்க நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து அவன் பந்தை எறியும் அழகைப் பார்த்த வயதான பயிற்சியாளர் ஒருவர், இவனைப் பந்து வீச வைத்துப் பாருங்கள் என்று சொன்னதால் வாய்ப்பு கிடைத்தது. அந்தக் கோடையில் கோஷியென் அரையிறுதியில் எதிரே நின்றது இகேடா என்ற பள்ளி. முந்தைய இரண்டு போட்டியிலும் கோப்பை வென்ற அணி. இந்தப் பதினைந்து வயதுப் பையன் அவர்களை ஓர் ஓட்டம்கூட எடுக்கவிடவில்லை. தானே ஒரு ஹோம் ரன்னும் அடித்தான். 7-0. இறுதி ஆட்டம் 3-0. கோப்பை.

அதிலிருந்து மூன்றாம் ஆண்டு முடிய ஐந்து போட்டிகள், ஐந்துக்கும் இருவரும் வந்தார்கள். இரண்டு கோப்பை, இரண்டு முறை இறுதியில் தோல்வி, ஒரு முறை அரையிறுதியில் தோல்வி. கோஷியெனில் குவாட்டாவுக்கு 20 வெற்றி. கியோஹராவுக்கு 13 ஹோம் ரன், அதில் 5 அந்த 1985 கோடையில் மட்டும்.

1985 நவம்பரில் தொழில்முறைக் குழுக்கள் ஆள் எடுக்கும் நாள் வந்தது. டோக்கியோவின் ஜயன்ட்ஸ் குழுவில் சேர வேண்டும் என்பது கியோஹராவின் சிறுவயதுக் கனவு. குவாட்டா வசேடா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போவான் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஜயன்ட்ஸ் எடுத்ததோ குவாட்டாவை. ஆறு குழுக்கள் கியோஹராவைக் கேட்டு, சீட்டுக் குலுக்கலில் செய்பு குழுவுக்கு அவன் போனான். பதினெட்டு வயதுப் பையன் செய்தியாளர்கள் முன்னால் கண்ணீர் விட்டதை ஜப்பான் முழுவதும் பார்த்தது. ஆனால் மறு ஆண்டே 31 ஹோம் ரன் அடித்துக் காட்டினான்.

வெளியே போன சரக்கு

இந்த ஒரு பள்ளியிலிருந்து தொழில்முறை ஆட்டத்துக்குப் போனவர்கள் 80-க்கும் மேல். 2,000 வெற்றி அடிகள் என்பது அங்கே ஆயுள் சாதனை. அமெரிக்கக் கணக்கையும் சேர்த்தால் அதைத் தாண்டிய பி.எல். மாணவர்கள் ஆறு பேர்: ஹிதேஜி கட்டோ, கியோஹரா, தத்சுனாமி, மியாமோட்டோ, கசுவோ மட்சுயி, கொசுகே ஃபுகுடோமே. கியோஹரா மொத்தம் 525 ஹோம் ரன் அடித்தார். மட்சுயி 2004-ல் அமெரிக்காவின் நியூயார்க் மெட்ஸ் குழுவுக்குப் போய், சந்தித்த முதல் பந்தையே வேலிக்கு வெளியே அடித்தார். ஃபுகுடோமே 2008-ல் சிகாகோ கப்ஸ் குழுவுக்குப் போனார். கென்டா மயேடா 2016-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் குழுவுக்குப் போனார். 2020-ல் மினசோட்டா குழுவுக்காக ஆடி, அமெரிக்கன் லீக்கின் சிறந்த பந்து வீச்சாளர் தேர்வில் இரண்டாவது இடம் பெற்றார்.

குவாட்டாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜயன்ட்ஸ் குழுவில் 173 ஆட்டம் வென்றார். 1995-ல் ஒரு பந்தைப் பாய்ந்து பிடிக்கப் போய் முழங்கை போய்விட்டது. அமெரிக்காவில் அறுவை சிகிச்சை. பந்து எறிய முடியாத நாட்களில் பயிற்சி மைதானத்தின் ஓரத்தில் தினமும் ஓடினார், ஓடினார், புல் தேய்ந்து ஒற்றையடிப் பாதையே விழுந்துவிட்டது. அதற்குக் 'குவாட்டா பாதை' என்று பெயர். 1997-ல் திரும்ப வந்தபோது முழங்கையை மைதானத்து மண்ணில் பதித்து வணங்கிவிட்டுத்தான் பந்தைக் கையில் எடுத்தார். 2007-ல், 39 வயதில், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் குழுவுக்கும் ஆடினார்.

பி.எல். ஆடிய ஆட்டங்களில் பலர் இன்றும் பேசுவது அவர்கள் தோற்ற ஓர் ஆட்டத்தைத்தான். 1998 ஆகஸ்ட் 20, கோஷியெனில் கால் இறுதி. எதிரணி யோகொஹாமா. ஒன்பது சுற்றில் முடிய வேண்டிய ஆட்டம் 17 சுற்றுக்கு நீண்டது. யோகொஹாமா 9, பி.எல். 7. எதிரணியின் தைசுகே மட்சுசாகா ஒருவரே 250 பந்துகள் வீசினார். பிள்ளைகளை இப்படி வாட்டலாமா என்ற கேள்வி எழுந்தது. 2000-ல் ஆட்டத்தின் உச்ச வரம்பை 18 சுற்றிலிருந்து 15 ஆகக் குறைத்தார்கள். பின்னாளில் ஒருவர் வாரத்துக்கு 500 பந்துக்கு மேல் வீசக் கூடாது என்ற விதியும் வந்தது.

கல்லாவுக்குப் பின்னால்

இப்போது விடுதிக்கு வருகிறேன்.

முதலாம் ஆண்டுப் பையன் ஒவ்வொருவனும் ஒரு மூத்த மாணவனுக்கு எடுபிடி. மூத்தவனின் அழுக்குத் துணியைத் துவைக்க வேண்டும், சாப்பாடு எடுத்து வைக்க வேண்டும், ராத்திரி கை கால் பிடித்துவிட வேண்டும். எல்லாரும் தூங்கிய பிறகுதான் இவன் படுக்க முடியும், எல்லாரும் எழும் முன் இவன் எழ வேண்டும். சிரிக்கக் கூடாது. கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது. தப்பு செய்தால் அடி. ஒருவன் தப்புக்கு அந்த வகுப்பே அடி வாங்கும். அங்கே படித்துப் பெரிய ஆளானவர்கள் பலர் புத்தகங்களிலும் தொலைக்காட்சியிலும் இதையெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். சிலர் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள்.

அடுத்த ஆண்டு புதிய பையன்கள் வருவார்கள். அடி வாங்கியவன் அடிப்பவன் ஆவான். தான் வாங்கியதை வட்டியோடு இறக்கி வைப்பான். கோப்பைகள் வந்துகொண்டிருந்த வரை யாரும் விடுதிக் கதவைத் திறந்து பார்க்கவில்லை. கல்லா நிறைந்தால் கிடங்கை எட்டிப் பார்க்கத் தோன்றாது அல்லவா?

2001-ல் மூத்தவர்கள் இளையவர்களைத் தாக்கிய விவகாரம் வெளியே வந்தது. அணிக்கு ஆறு மாதத் தடை, அந்தக் கோடைப் போட்டியும் போயிற்று. எடுபிடி முறையைக் கைவிட்டார்கள். ஆனால் பழக்கம் அறிவிப்புப் பலகையில் எழுதினால் போய்விடுமா? 2013-ல் மறுபடியும் அதே குற்றம், மறுபடியும் ஆறு மாதத் தடை, மறுபடியும் கோடைப் போட்டி போயிற்று. இந்த முறை பயிற்சியாளரும் விலகினார். பேஸ்பால் அனுபவமே இல்லாத பள்ளி நிர்வாகி ஒருவர் பெயரளவுக்குப் பயிற்சியாளராக அமர்ந்தார்.

இதற்கிடையே பள்ளியில் சேரும் பிள்ளைகள் தொகையும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வந்தது. கடைசியாக இந்த அணி கோஷியெனை மிதித்தது 2009 கோடையில். ஒசாகாவில் வேறு பள்ளிகள் முன்னுக்கு வந்துவிட்டன. அணி மூடியதற்கு ஒரே காரணம் அடிதடி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நலிந்த நேரத்தில் தாங்கிப் பிடிக்க வேண்டியது நல்ல பெயர். அந்த நல்ல பெயரை விடுதி தின்றுவிட்டிருந்தது.

கடை சாத்திய நாள்

2014 கோடையில் ஒரு விஷயம் நடந்தது. முறையான பயிற்சியாளர் இல்லாத அந்தப் பையன்கள் ஒசாகா மாவட்ட இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டார்கள். அங்கே ஒசாகா தோயின் பள்ளியிடம் 1-9 என்று தோற்றார்கள். அந்த அணி அந்த ஆண்டு நாட்டுக் கோப்பையையே வென்றது. அடிக்க ஆள் இல்லாமல், அதட்ட ஆள் இல்லாமல், தாங்களே பேசி முடிவெடுத்து ஆடியவர்கள் இவ்வளவு தூரம் வந்தார்கள் என்பதை நான் பலமுறை யோசித்துப் பார்த்தேன்.

சில மாதங்களில், 2014 அக்டோபரில், அடுத்த ஆண்டு முதல் அணிக்குப் புதிய ஆள் சேர்ப்பதில்லை என்று பள்ளி அறிவித்தது. கடைசி வகுப்பில் இருந்தவர்கள் 12 பேர். அவர்களுக்குக் கீழே யாரும் இல்லை. துணி துவைக்கவும் ஆள் இல்லை, பந்து பொறுக்கிப் போடவும் ஆள் இல்லை. எல்லாவற்றையும் தாங்களே செய்துகொண்டு இரண்டு ஆண்டு ஓட்டினார்கள். 2016 ஜூலை 15, ஒசாகா மாவட்டப் போட்டி. முதல் ஆட்டத்திலேயே 6-7 என்று ஓர் ஓட்ட வித்தியாசத்தில் தோற்றார்கள். சுமார் 60 ஆண்டுகள், கோஷியெனில் 96 வெற்றி, ஏழு கோப்பை. கணக்கு அன்றோடு முடிந்தது. 2017-ல் உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் சம்மேளனத்திலிருந்தும் பெயரை எடுத்துவிட்டார்கள்.

அதே 2016 பிப்ரவரியில் கியோஹரா போதை மருந்து வழக்கில் கைதானார். இரண்டரை ஆண்டுத் தண்டனை, நான்கு ஆண்டுகளுக்கு நிறுத்தி வைப்பு. அதிலிருந்து மீண்டு வருவதைப் பற்றி அவரே பின்னர் வெளிப்படையாகப் பேசினார். ஒரு மனிதனின் சறுக்கலுக்குப் பள்ளி விடுதியைக் காரணம் காட்டுவது நியாயமாகாது. ஆனாலும் அந்த ஆண்டு அந்தப் பள்ளியை நேசித்தவர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

குவாட்டா எடுத்த கணக்கு

ஓய்வு பெற்ற பிறகு குவாட்டா, சிறுவயதில் போகாமல் விட்ட அதே வசேடா பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்பில் சேர்ந்தார். தொழில்முறை ஆட்டக்காரர்கள், பல்கலைக்கழக ஆட்டக்காரர்கள் என்று சுமார் 550 பேரைக் கேட்டு ஒரு கணக்கு எடுத்தார். பள்ளி நாட்களில் பயிற்சியாளரிடம் அடி வாங்கியதாகப் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் சொன்னார்கள். ஆனால் அடி தேவை, அல்லது சில நேரம் தேவை என்று சொன்னவர்கள் 100-க்கு 80 பேருக்கும் மேல்!

ஒசாகாவில் பயிற்சியாளரிடம் அடி வாங்கிய பள்ளி மாணவன் ஒருவன் உயிரை மாய்த்துக்கொண்ட துயரம் 2012 டிசம்பரில் நடந்தது. அதை ஒட்டி 2013 ஜனவரியில் குவாட்டா வெளிப்படையாகப் பேசினார். தானும் சிறுவயதில் அடி வாங்கியவன்தான், ஆனால் அடியால் ஆட்டம் வளராது, திருப்பி அடிக்க முடியாதவனை அடிப்பது கோழைத்தனம் என்பது அவர் பேச்சின் சாரம். பி.எல்.-இலிருந்து வந்த மிகப் பெரிய பெயர்களில் ஒருவரே இப்படிச் சொன்னது நாட்டில் பலரை யோசிக்க வைத்தது.

அந்த 80 பேர் ஏன் அடி தேவை என்றார்கள்? எனக்கு வியாபாரக் கணக்கில்தான் பதில் தோன்றுகிறது. கேட்டது யாரிடம்? கரையேறியவர்களிடம். அடி தாங்காமல் பாதியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவனை யார் போய்க் கேட்டார்கள்? விற்ற மூட்டையை மட்டும் பேரேட்டில் எழுதி, கிடங்கில் வண்டு அரித்த மூட்டையை எழுதாமல் விட்டால், எல்லா வருடமும் லாபம்தான் தெரியும். பொறுக்கி எடுத்த பையன்கள், நல்ல பயிற்சி, அடிப்படைப் பாடம் இவற்றால் வந்த லாபத்தை அடியின் பற்றில் வரவு வைத்துவிட்டார்கள்.

2023 கோடைக் கோப்பையை வென்றது யோகொஹாமாவில் உள்ள கெய்யோ உயர்நிலைப் பள்ளி. தலைமுடியை ஒட்ட வெட்ட வேண்டும் என்ற கட்டாயம்கூட அங்கே இல்லை. மகிழ்ச்சியாக ஆடுவோம் என்பதுதான் அவர்கள் கொள்கை. 1916-க்குப் பிறகு 107 ஆண்டு கழித்து அவர்களுக்குக் கோடைக் கோப்பை கிடைத்தது. அந்த அணியில் ஒரு பையன் கியோஹராவின் மகன்.

நம் கடைப் பையன்கள்

இனி நம் விஷயம்.

நான் பள்ளி இறுதி வகுப்பு முடித்ததும் ஒரு பலசரக்கு மண்டியில் சம்பளத்துக்கு நின்றேன். முதலாளி தொழிலில் கெட்டிக்காரர். கையில் ஒரு பிடி துவரம் பருப்பை எடுத்தால் எந்த ஊர் சரக்கு, எத்தனை மாதம் ஆனது என்று சொல்லிவிடுவார். எனக்கும் சொல்லிக்கொடுத்தார். கூடவே அடியும் கொடுத்தார். சிட்டையில் ஓர் எழுத்து பிசகினாலும் முதுகில் விழும். "அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்பார். நானும் அதை நம்பினேன். தனிக் கடை வைத்த பிறகு, "நான் ஆளானது அந்த அடியால்தான்" என்று பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

என் கடையில் ஒரு பையன் இருந்தான். என்னைவிட வேகமாக மனக்கணக்குப் போடுவான். ஒரு தீபாவளி நெரிசலில் ஒரு கடைக்குப் போக வேண்டிய உளுந்து மூட்டையை வேறு வண்டியில் ஏற்றிவிட்டான். வாடிக்கையாளர்கள் நாலு பேர் நிற்கும்போது கன்னத்தில் அறைந்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை அவன் அப்பா வந்தார். "பையன் இனி வரமாட்டான் அண்ணாச்சி. அவன் துணிப்பையை மட்டும் கொடுங்க" என்றார். கொடுத்து அனுப்பினேன்.

இன்று அவன் பக்கத்து ஊரில் நல்ல கடை வைத்திருக்கிறான். மாதம் அறுபது எழுபது மூட்டை இறக்குகிறான். இருபது ஆண்டில் என்னிடம் ஒரு மூட்டைகூட வாங்கியதில்லை. கலியாண வீடுகளில் பார்த்தால் மரியாதையாக வணக்கம் சொல்வான், அவ்வளவுதான். கோஷியெனில் உட்கார்ந்து மகன் சொல்லச் சொல்லக் கேட்டபோது என் நினைவில் நின்றது அவன் முகம்தான்.

"கடைக்குப் பையன் கிடைக்கவில்லை, வந்தாலும் நிற்பதில்லை" என்பது நம் சங்கக் கூட்டங்களில் எப்போதும் கேட்கும் குறை. சம்பளம் ஒரு காரணம், படிப்பு ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன். பதினெட்டு நிறையாத பிள்ளையை வேலைக்கு வைக்கும் முன் சட்டத்தையும் பார்க்க வேண்டும். ஆனால் வேலைக்கு வந்தவனை நாம் நடத்தும் விதமும் ஒரு காரணம் இல்லையா? நாம் கை ஓங்காமல் இருக்கலாம். கணக்குப்பிள்ளையும் மூத்த பையனும் நம் முதுகுக்குப் பின்னால் புதியவனை என்ன பாடு படுத்துகிறார்கள் என்று எட்டிப் பார்க்கிறோமா? பி.எல். பள்ளியில் அடித்தவர்கள் பெரும்பாலும் மூத்த மாணவர்கள்தான். போனது பள்ளியின் பெயர்.

பி.எல்.-இடம் கற்க வேண்டியதும் இருக்கிறது. அடிப்படையை விடாமல் சொல்லிக்கொடுப்பது. எங்கே நிறுத்தினாலும் வேலை செய்யும்படி ஒருவனைப் பழக்குவது. உயரம் குறைந்தவன் என்று ஒதுக்கிய பையனின் கையைக் கவனித்து இன்னொரு வாய்ப்புக் கொடுப்பது. வெளியே போய்ப் பேர் வாங்கும்போது பெருமைப்படுவது. இவ்வளவையும் கையை ஓங்காமல் செய்ய முடியும்.

ஊர் திரும்பியதும் என் கடையில் ஒரு மாற்றம் செய்தேன். ராத்திரி கடை சாத்தும் முன் பத்து நிமிடம் பையன்களோடு உட்காருகிறேன். அன்றைக்கு எங்கே தப்பு நடந்தது என்று அவர்களே சொல்கிறார்கள். என் தப்பையும் சொல்கிறார்கள்! முதல் வாரம் சங்கடமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது.

வரும் பொங்கலுக்கு அந்தப் பக்கத்து ஊர்க் கடைக்குப் போகலாம் என்றிருக்கிறேன். சரக்கு விற்க இல்லை. அன்று சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை பாக்கி இருக்கிறது. அந்தப் பற்றைத் தீர்த்துவிட்டு வர வேண்டும்.